டிப்ளோமாவா, டிகிரியா? தாதியாக விரும்பும் பட்டர்வொர்த் வாசகிக்கு

பட்டர்வொர்த்திலிருந்து 18 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மாவுக்குப் பிறை நகரில் தொழிற்சாலை வேலை. படிக்க வேண்டிய தம்பி ஒருவனும் இருக்கிறான். மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் இவருக்கு ஆறு கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்): மலாய்மொழி பி, கணிதம் சி, அறிவியல் சி பிளஸ், வரலாறு சி பிளஸ், நன்னெறி பி பிளஸ், தமிழ்மொழி ஏ மைனஸ். ஆங்கிலத்தில் டி. அறிவியல் பிரிவில் படிக்கவில்லை, பொது அறிவியல்தான்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "டிப்ளோமா படிச்சா காலம் முழுக்க மிஸ்ஸிதான், டிகிரி படிச்சாத்தான் மேட்ரன் ஆகலாம், அதனால ஆறாம் படிவம் போ" என்கிறார் மாமா. மிஸ்ஸி என்றால் தாதி, மேட்ரன் என்றால் தாதியர் தலைவி. புக்கிட் மெர்தாஜாமில் ஏஜெண்ட் ஒருவர், ஓராண்டு சுகாதாரப் பராமரிப்புச் சான்றிதழ் எடுத்தால் டிப்ளோமாவின் இரண்டாம் ஆண்டுக்கு நேரே போய்விடலாம் என்று சொல்லி, இடம் பிடிக்க 500 ரிங்கிட் கேட்கிறார். ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டு டிப்ளோமாவுக்கு மொத்தம் 58,000 ரிங்கிட். அதே கல்லூரிக்கு ஒரு மருத்துவமனையின் ஸ்பான்சர் கிடைத்தால் கட்டணத்தை மருத்துவமனை கட்டும், மாதம் 400 ரிங்கிட் உதவித்தொகையும் தரும். அதற்கு ஈடாக ஐந்தாண்டு பாண்ட் (படித்து முடித்து அங்கேயே வேலை செய்யும் ஒப்பந்தம்), இரண்டு ஜாமீன்தாரர்கள், பாதியில் விலகினால் செலவுத் தொகையின் இரு மடங்கு. அரசாங்கக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. "நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்காது" என்று உறவினர்கள் சொல்லிவிட்டார்களாம். பின்னாளில் சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ வேலை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. இரவு வேலை என்பதால் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. எந்த வழியில் போவது என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். "என் ரிசல்ட் சுமார்தான், அதனால் சான்றிதழ் படிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். தாதியர் டிப்ளோமாவுக்கு வழக்கமாக ஐந்து கிரெடிட் கேட்பார்கள். மலாய்மொழி, கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம், இவற்றோடு வேறு இரண்டு பாடங்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சி இருந்தால் போதும். உங்களுக்கு முதல் மூன்றும் இருக்கின்றன, பொது அறிவியலும் அறிவியல் பாடமாகவே எண்ணப்படும். மற்ற இரண்டுக்குத் தமிழ்மொழியும் நன்னெறியும் போதும், வரலாறு கையில் மிச்சமாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் எடுத்த டி தேர்ச்சிதான். தமிழ்ப்பாடம் கணக்கில் வராது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. சில தனியார் கல்லூரிகள் தங்கள் அளவில் ஆங்கிலத்திலும் கிரெடிட் கேட்கலாம். அது அந்தந்தக் கல்லூரியின் விதி, தாதியரைப் பதிவு செய்யும் தாதியர் வாரியத்தின் விதி அல்ல.

இந்தத் துறையில் எந்தப் படிப்பை எடைபோடுவதாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படித்து முடித்ததும் மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவுத் தேர்வை எழுத இது என்னை அனுமதிக்குமா? மூன்றாண்டு டிப்ளோமா படித்தவரும் நான்காண்டு டிகிரி படித்தவரும் லெம்பாகா தேர்வு என்று நாம் சொல்லும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் பதிவு பெற்ற தாதியாகிறார்கள். 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ்ப் பதிவும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஏபிசி என்னும் பணி அனுமதிச் சான்றிதழும் இல்லாமல் யாரும் இந்நாட்டில் தாதியாகப் பணிபுரிய முடியாது.

மாமா சொல்லும் ஆறாம் படிவம்

உங்கள் மாமாவின் அக்கறையில் குறையில்லை, கணக்கில்தான் பிழை. பல்கலைக்கழகத் தாதியர் டிகிரிக்கு, ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வின் மூலம் போவதென்றால் உயிரியல், வேதியியல் போன்ற அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். எஸ்பிஎம்மில் பொது அறிவியல் மட்டும் படித்த உங்களை ஆறாம் படிவத்தில் கலைப் பிரிவில்தான் போடுவார்கள். ஒன்றரை ஆண்டு உழைத்து அங்கே நல்ல புள்ளிகள் வாங்கினாலும் கணக்கியல், கல்வி, சமூக அறிவியல் என்று வேறு கதவுகள் திறக்கும், தாதியர் டிகிரியின் கதவு திறக்காது. மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவுக்கும், தனியார் பல்கலைக்கழகங்களின் அறிவியல் ஃபவுண்டேஷனுக்கும் பெரும்பாலும் இதே தடைதான். உயிரியலும் வேதியியலும் எடுத்த பிள்ளை ஒருத்தி கேட்டிருந்தால், மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம், யுஎஸ்எம் ஆகியவற்றின் டிகிரியை முதல் விருப்பமாக வைக்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்தப் பாதை சுற்றுவழிகூட அல்ல, முட்டுச் சந்து.

மேட்ரன் பற்றி மாமா சொன்னதும் சரியல்ல. மருத்துவமனைகளில் சிஸ்டராகவும் மேட்ரனாகவும் இருக்கும் எத்தனையோ பேர் டிப்ளோமாவில் தொடங்கியவர்கள்தாம். வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. அரசுப் பணியில் டிப்ளோமா தாதி பழைய யு29, இப்போதைய யு5 சம்பள நிலையில் நுழைகிறார். டிகிரி அதிகாரிப் பணி பழைய யு41, இப்போதைய யு9. ஆனால் அந்த அதிகாரிப் பணியிடங்கள் குறைவு. பணியில் இருந்துகொண்டே டிகிரி முடித்தவரும் தானாக மேலே ஏறிவிடுவதில்லை, இடம் காலியாகி, விண்ணப்பித்து, தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். டிகிரி எடுத்தால் வார்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. புதிதாகச் சேரும் டிகிரி தாதிக்கும் அதே வார்டு, அதே ஷிஃப்ட்.

டிகிரி உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பிறகு எடுங்கள். டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்ற தாதிகளுக்கென்றே வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் டிகிரி திட்டங்கள் இருக்கின்றன, மலேசியத் திறந்த நிலைப் பல்கலைக்கழகம் நடத்துவது போல. அப்போது கட்டணம் கட்ட உங்கள் சொந்தச் சம்பளம் இருக்கும், தம்பியின் படிப்புச் செலவோடு மோதாது.

ஏஜெண்ட் கேட்கும் 500 ரிங்கிட்

கொடுக்காதீர்கள். பராமரிப்பாளர் சான்றிதழ் கெட்ட படிப்பு அல்ல. முதியோர் இல்லத்தில், வீட்டுப் பராமரிப்பில், மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்ய அது உதவும். ஆனால் அதை எடுத்தவர் தாதியர் வாரியத் தேர்வு எழுத முடியாது, தாதி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. போதிய கிரெடிட் இல்லாத பிள்ளைக்கு அது ஒரு பிழைப்பு வழி. ஆறு கிரெடிட் வைத்திருக்கும் உங்களுக்கு அது ஓராண்டையும் ஒரு கட்டணத்தையும் வீணாக்கும் வேலை. "இரண்டாம் ஆண்டுக்கு நேரே போகலாம்" என்பதைக் கல்லூரியின் முத்திரையோடு எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அங்கேயே மாறும்.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் இரண்டு பட்டியல்களைப் பாருங்கள். முதலாவது, படிப்புகளை அங்கீகரிக்கும் அரசாங்க அமைப்பான எம்கியூஏ இணையத்தளத்தில் உள்ள தகுதிப் பதிவேடு. கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. படிப்பின் முழுப்பெயர், நீங்கள் சேரப்போகும் வளாகத்தின் ஊர், அங்கீகாரம் தொடங்கும் தேதி மூன்றும் பொருந்த வேண்டும். ஒரே கல்லூரிக்குக் கோலாலம்பூர் வளாகத்தில் அனுமதி இருந்து, பினாங்குக் கிளையில் இல்லாமல் இருக்கலாம். தற்காலிக அங்கீகாரம் என்றிருந்தால், முழு அங்கீகாரத்துக்கு எப்போது விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது, தாதியர் வாரியம் அங்கீகரித்த கல்லூரிகளின் பட்டியல். முதல் பட்டியலில் இருப்பதால் இரண்டாவதிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்லூரிக்கு நேரில் போகும்போது இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வார்டு பயிற்சி எந்த மருத்துவமனைகளில்? பினாங்குத் தீவில் படிக்கும் மாணவியைச் சுங்கைப் பட்டாணிக்கோ தைப்பிங்கிற்கோ பயிற்சிக்கு அனுப்பினால் போக்குவரத்தும் தங்குமிடமும் யார் செலவு? கடைசி இரண்டு பேட்ச்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே லெம்பாகா தேர்வில் தேறினார்கள்? "நூற்றுக்கு நூறு" என்று பதில் வந்தால், சேர்ந்தவர்களில் நூற்றுக்கு நூறா, தேர்வுக்கு அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு நூறா என்று திருப்பிக் கேளுங்கள். உள்தேர்வில் பலவீனமானவர்களை நிறுத்தி வைத்துவிட்டுத் தேர்ச்சி விகிதம் காட்டுவது எளிது. சீருடை, காலணி, ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி, காப்புறுதி, தேர்வுக் கட்டணம், விடுதி ஆகியவை அந்த 58,000-க்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

அரசாங்கக் கல்லூரிக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை?

இதில்தான் எனக்கு வருத்தம். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளில் அதே மூன்றாண்டு டிப்ளோமாதான், தேர்வும் பதிவும் அதேதான், குடும்பத்தின் தலையில் 58,000 ரிங்கிட் ஏறாது. ஜார்ஜ்டவுனிலேயே தாதியர் கல்லூரி இருக்கிறது, வேறு மாநிலத்திலும் இடம் கிடைக்கலாம். போட்டி கடுமை என்பது உண்மை. கிடைக்காது என்பது விண்ணப்பித்த பிறகு சொல்ல வேண்டிய சொல். நம் பிள்ளைகள் பலர் தவறவிடுவது இடத்தை அல்ல, விண்ணப்பக் காலத்தை. அமைச்சின் பயிற்சிப் பிரிவு விண்ணப்பத்தைத் திறக்கும் நாட்களைக் கவனித்து, ரிசல்ட், பிறப்புப் பத்திரம், புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இப்போதே ஸ்கேன் செய்து வைத்திருங்கள். நேர்முகத் தேர்வு மலாயில் நடக்கும். ஏன் தாதியாக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு "மக்களுக்குச் சேவை செய்ய" என்று மட்டும் சொன்னால் நூறு பேரோடு நூற்றோராவது ஆளாகிவிடுவீர்கள். பாட்டியின் சர்க்கரைப் புண்ணுக்கு நீங்கள் கட்டு மாற்றியதைக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதைச் சொல்லுங்கள். அரசாங்க உயர்கல்விச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பம் வழி பல்கலைக்கழக டிப்ளோமாக்களையும் பார்க்கலாம். ஆனால் யுஐடிஎம் பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கானது என்பதால் அங்கே ஒரு விருப்பத்தை வீணாக்க வேண்டாம்.

ஸ்பான்சரும் பாண்டும்

அரசாங்க இடம் கிடைக்காவிட்டால் அடுத்தபடி எனக்குச் சரியாகப் படுவது மருத்துவமனை ஸ்பான்சர்தான், பத்திரத்தின் வாசகம் நியாயமாக இருந்தால். கடன் வாங்கிப் படித்துவிட்டு வேலை தேடுவதைவிட, வேலையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது உங்கள் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. தனியார் கல்லூரிகள் பெருகிய காலத்தில் டிப்ளோமா முடித்த பலர் பிடிபிடிஎன் என்னும் அரசாங்கக் கல்விக் கடனோடு வேலையில்லாமல் நின்றார்கள். 2010-இல் சேர்க்கைத் தகுதி மூன்று கிரெடிட்டிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது அந்த நிலைமையில்தான். இன்று தாதிகளுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. நீங்கள் முடித்து வெளியே வரும் ஆண்டில் நிலைமை எப்படி இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கட்டணம் 58,000. உதவித்தொகை மாதம் 400 வீதம் 36 மாதத்துக்கு 14,400. ஆக மருத்துவமனையின் செலவு 72,400 ரிங்கிட். இரு மடங்கு என்றால் 1,44,800. பத்திரத்தில் இருப்பது இவ்வளவுதான் என்றால், வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் விலகினாலும் நான்காம் ஆண்டு முடித்து விலகினாலும் அதே தொகையைக் கேட்க இடமிருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது, வேலை செய்த மாதங்களைக் கழிக்கும் வாசகம். 72,400-ஐ 60 மாதத்துக்குப் பிரித்து, இரண்டு ஆண்டு வேலை செய்து விலகுகிறவர் மீதி 36 மாதத்துக்கு 43,440 ரிங்கிட் மட்டும் கட்டுவது என்று எழுதினால் அது நியாயம். ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, எழுதிய தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு என்றுதான் பேசுகிறது. ஆனால் அதை நம்பி மோசமான பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம், நீதிமன்றம் போய் வாதாடவும் பணம் வேண்டும்.

ஐந்தாண்டு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பது அடுத்த பொறி. பெரும்பாலும் தாதியாகப் பதிவு பெற்று, பணி நியமனம் வாங்கிய நாளிலிருந்து. தேர்வு எழுதி, முடிவு வந்து, பதிவு கைக்கு வரும்வரை உள்ள மாதங்களில் உங்களை உதவியாளர் சம்பளத்தில் வேலை வாங்கலாம், அந்தக் காலம் பாண்டில் கழியாது. முதல் முறை தேர்வில் தவறினால் என்ன ஆகும், எத்தனை முறை எழுத அனுமதிப்பார்கள், மருத்துவமனையே வேலை தராவிட்டால் பாண்ட் ரத்தாகுமா, வேறு ஊர்க் கிளைக்கு மாற்றுவார்களா, பிரசவ விடுப்பு கணக்கில் எப்படி வரும் என்பவை பத்திரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அவர்கள் தீவிர சிகிச்சை, சிறுநீரகம் போன்ற போஸ்ட் பேசிக் (சிறப்புத் துறை) படிப்புக்கு அனுப்பினால் அதற்கென்று இன்னொரு பாண்ட் சேரும். அந்தப் படிப்பு நல்லது, எடுக்கலாம், ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்து எடுங்கள்.

ஜாமீன் கையெழுத்துப் போடப்போகும் மாமாவிடம் அதைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேசிவிடுங்கள். வெறும் சாட்சிக் கையெழுத்து என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாகக் கடிதம் காட்டுகிறது. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். நீங்கள் கட்டாவிட்டால் முழுத் தொகைக்கும் அவரைத் தேடி வரலாம். பத்திரத்தின் நகலை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேளுங்கள், ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காட்டுங்கள். நகல் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

சொந்தக் கடனில் படிப்பது கடைசி வழி. பிடிபிடிஎன் உதவித்தொகை அல்ல, ஒரு விழுக்காட்டு நிர்வாகக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். அது முழுக் கட்டணத்தையும் மூடிவிடும் என்று நம்ப வேண்டாம். முதல் தவணை கைக்கு வர நாளாகும், கல்லூரியோ சேரும் நாளிலேயே கேட்கும். அந்தக் கடனுக்குத் தேவைப்படும் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கை முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

சிங்கப்பூரும் இங்கிலாந்தும்

இங்கிலாந்துக்கு டிகிரி இருந்தால்தான் முடியும் என்ற உங்கள் எண்ணமும் தவறு. அங்குள்ள தாதியர் மன்றம் பார்ப்பது உங்கள் பதிவை, ஆங்கிலத்தை, அவர்களுடைய கணினித் தேர்வையும் செய்முறைத் தேர்வையும். உங்கள் சுவர் ஆங்கிலம்தான். ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். எஸ்பிஎம்மில் டி வாங்கியவருக்கு அது மூன்று மாதப் பயிற்சியில் எட்டும் உயரம் அல்ல, டிப்ளோமாவின் மூன்றாண்டையும் அதற்குப் பயன்படுத்த வேண்டும். தனியார் மருத்துவமனையில் நோயாளிக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதால் அந்த உழைப்பு இங்கேயும் பலன் தரும். சிங்கப்பூரில் முதலில் ஒரு மருத்துவமனை உங்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் வழியாகத்தான் அங்குள்ள வாரியத் தேர்வு. ஆஸ்திரேலியா என்று மனம் மாறினால் பெரும்பாலும் டிகிரி வேண்டியிருக்கும். ஐந்தாண்டு பாண்ட் இந்தக் கனவைக் கொன்றுவிடும் என்று பயப்படாதீர்கள். பாண்ட் முடியும்போது உங்களுக்கு 26 அல்லது 27 வயது, கையில் அனுபவம் இருக்கும்.

ஒன்றை மட்டும் முதல் ஆண்டிலிருந்தே விடாதீர்கள். வார்டில் செய்த ஒவ்வொரு செய்முறைக்கும் லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்திட வேண்டிய சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டால் அந்தச் செய்முறையை மீண்டும் செய்ய வேண்டி வரும். லாக் புக்கும் வருகைப்பதிவும் நிறைவாகாத மாணவி பாடத்தில் எவ்வளவு கெட்டிக்காரியானாலும் தேர்வுக்கு அனுப்பப்பட மாட்டாள்.

அப்பாவின் கவலை

அப்பாவிடம் "எல்லாரும் செய்றாங்கப்பா" என்று சொல்லாதீர்கள், அது அவர் கேள்விக்குப் பதில் அல்ல. அரசு மருத்துவமனைகளில் வழக்கமான ஷிஃப்ட் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, இரவு 9 முதல் காலை 7 வரை. இரவு ஷிஃப்டில் ஆபத்து வார்டுக்குள் இல்லை. மாலை ஷிஃப்ட் முடிந்து இரவு 9 மணிக்கு மேல் வீடு திரும்பும் பாதையும், தூக்கமில்லாத காலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும்தான் ஆபத்து. அதனால் கேட்க வேண்டியவை: எந்த ஆண்டில் இரவுப் பயிற்சி தொடங்குகிறது, கல்லூரிப் பேருந்து இரவிலும் ஓடுமா, விடுதி மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறதா, வெளியூர்ப் பயிற்சியில் மாணவிகளுடன் பொறுப்பாளர் தங்குவாரா. கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் அப்பாவுக்கு லோரி ஓட்டம் இல்லாத நாளாகத் தேர்ந்தெடுத்து அவரையும் அழைத்துச் செல்லுங்கள். இந்தக் கேள்விகளை விடுதிப் பொறுப்பாளரிடம் அவரே கேட்கட்டும்.